கேள்வியைக் கண்டுபிடிக்கும் கல்வி

விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டு, மாணாக்கர் எழுதும் விடைகளைத் திருத்தி, மார்க்குப் போட்டுப் பட்டம் வழங்குவதே சர்வகலாசாலைகளின் பிரதான வேலையாக வெகு காலமாய் இருந்து வருகிறது. கேள்வியைத் தயாரிப்பவர் ஆசிரியர். விடையும் அவர் கையில் இருக்கிறது. அவர் மனத்தில் வைத்திருக்கும் விடை எதுவென்று ஊகித்து, மூன்று மணி நேரத்துக்குள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டால் மாணாக்கன் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்குகிறான். பட்டம் பெற்று வெளியே வந்த மறுநாள் முதல் அவன் சந்திக்கும் கஷ்டங்களோ வேறு விதமானவை. ஊரில் குடிதண்ணீர் இல்லை. தொழிற்சாலையில் யந்திரம் அடிக்கடி நின்றுபோகிறது. சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ந்தவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. இவற்றுக்கு விடை எழுதிய புஸ்தகம் கிடையாது. கேள்வி இன்னதென்றுகூட ஒருவரும் அச்சிட்டுக் கொடுப்பதில்லை. அதையும் அவனே கண்டுபிடித்தாக வேண்டும்.

இந்தச் சக்தி பிறவியிலேயே வரவேண்டியது என்றும், கல்லூரியில் கற்பிக்கத் தக்கதன்று என்றும் பலர் கருதுகின்றனர். அது தவறான அபிப்பிராயம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சென்ற முப்பது வருஷங்களாக நடந்து வரும் ஒரு சிறிய பயிற்சியை உற்று நோக்குவோர்க்கு இது விளங்கும். அதற்கு ‘டிஜிட்டல் கதை’ என்று பெயர். மாணாக்கன் தன் அனுபவத்தில் கண்ட ஒரு விஷயத்தை இரண்டு மூன்று நிமிஷங்களில் தன் சொந்தக் குரலில் சொல்லி, புகைப்படங்களோடும் ஒலியோடும் இணைத்து, கம்ப்யூட்டரில் ஒரு சிறு சலனப்படமாகச் செய்கிறான். பார்ப்பதற்கு இது விளையாட்டைப் போலத்தான் தோன்றும். இதில் கல்வி எங்கே இருக்கிறது, ஒரு சுதந்தர தேசத்துக்கு இதனால் ஆகும் பிரயோஜனம் என்ன என்பவற்றைச் சிறிது விசாரிப்போம்.

சிக்கலைக் காணும் கண்

மனிதன் சிக்கல்களை அவிழ்க்கும் விதத்தை அறிஞர்கள் ஆராயத் தொடங்கி வெகு நாளாகிறது. கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1926-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில், சிருஷ்டி சக்தி நான்கு படிகளில் வேலை செய்கிறது என்றார்: விஷயங்களைச் சேகரித்துத் தயாராதல், அவற்றை மனத்தின் அடியில் ஊறப் போடுதல், திடீரென யோசனை பளிச்சிடுதல், தோன்றிய யோசனையைச் சோதித்துச் சரிபார்த்தல். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கணித மேதை ஜார்ஜ் போல்யா 1945-ல் எழுதிய புஸ்தகத்தில், எந்தக் கணக்கையும் போடப் புகுமுன் கணக்கு என்ன கேட்கிறது என்பதை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதையே முதல் விதியாக வைத்தார். விளம்பரத் தொழிலில் பேர் பெற்ற அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1953-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னர் அவரும் சிட்னி பார்ன்ஸும் சேர்ந்து, யுக்தியோடு சிக்கல் தீர்க்கும் வித்தையை ஒரு பாடமாகவே வகுத்தார்கள்.

ஆஸ்போர்ன் சொன்ன உபாயங்களில் மிகவும் பிரசித்தி பெற்றது, பலர் ஒன்றுகூடி, நல்லது கெட்டது பாராமல், தோன்றிய யோசனைகளையெல்லாம் கொட்டுவது. ஆனால் 1958-ல் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட சோதனை முடிவு இதற்கு ஒரு திருத்தம் சொல்லிற்று. நால்வர் ஒன்றாய் உட்கார்ந்து ஆலோசித்ததைக் காட்டிலும், நால்வர் தனித்தனியே சிந்தித்த யோசனைகளைப் பிறகு சேர்த்துப் பார்த்தபோது அவற்றின் தொகை அதிகமாயிருந்தது. தனிமையில் சிந்திக்க வேண்டிய வேளை ஒன்று. கூடிப் பேச வேண்டிய வேளை வேறொன்று. இரண்டையும் முறைப்படி அமைக்கும் ஏற்பாடே பயன் தரும் என்பது இதனால் பெறப்படுகிறது.

இவை எல்லாவற்றினும் நமது விஷயத்துக்கு நெருங்கியது, சிகாகோ நகரத்து ஓவியக் கல்லூரியில் ஜேக்கப் கெட்ஸெல்ஸ், மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் நடத்திய ஆராய்ச்சி. 31 மாணாக்கரை ஒருவர் பின் ஒருவராக ஓர் அறைக்குள் அழைத்தார்கள். ஒரு மேஜையின் மீது 27 சாமான்கள் இருந்தன. பக்கத்தில் ஒரு மேஜை காலியாக இருந்தது. வேண்டிய சாமான்களை எடுத்துக் காலி மேஜையில் தம் விருப்பப்படி அடுக்கி, அதைப் படமாக எழுத வேண்டும் என்பது கட்டளை. சிலர் இரண்டொரு சாமான்களைச் சடுதியில் எடுத்து வைத்துவிட்டு, நேரத்தையெல்லாம் வரைவதிலேயே செலவிட்டார்கள். வேறு சிலர் பல சாமான்களைக் கையில் எடுத்துப் புரட்டி, தடவி, இடம் மாற்றி வைத்து, எதை வரைவது என்பதிலேயே வெகுநேரம் போக்கினார்கள். படங்களைப் பரிசீலித்த நிபுணர்கள், பின் சொன்னவர்களின் படங்களிலேயே புதுமை மிகுந்திருந்தது என்று தீர்ப்புச் செய்தார்கள். சில வருஷங்கள் கழித்து விசாரித்தபோது, ஓவியத் தொழிலில் நிலைத்துப் பேர் பெற்றவர்களிலும் இவர்களே முன் நின்றார்கள். 1976-ல் இவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது. சிக்கலைத் தீர்ப்பதற்கு முன்னால் சிக்கலைக் காண்பது என்று ஒரு வேலை இருக்கிறது. அதில் பொறுமை காட்டுகிறவனே பின்னால் யுக்தியும் காட்டுகிறான்.

கல்லூரிகளில் இந்தப் பாதி வேலையை ஆசிரியரே செய்து முடித்துவிடுகிறார். மாணாக்கனுக்குக் கிடைப்பது மிச்சப் பாதிதான். டிஜிட்டல் கதையின் விசேஷம், முதல் பாதியையும் அவனிடமே ஒப்படைப்பதில் இருக்கிறது.

முறை பிறந்த விதம்

இம்முறையைத் தோற்றுவித்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். டானா ஆட்ச்லி என்பவர் ஒரு கலைஞர். கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த படங்களைத் திரையில் காட்டி, தம் வாழ்க்கைச் சம்பவங்களைச் சபையோர்க்கு நேரில் கதையாகச் சொல்லி வந்தார். ஜோ லாம்பர்ட் என்பவர் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் நாடகக் கொட்டகை நடத்தி வந்தவர். கதை சொல்லும் சக்தி தேர்ந்த கலைஞருக்கு மட்டுமே உரியதா, சாமானிய ஜனங்களுக்கும் அதைக் கற்பிக்கலாகாதா என்ற கேள்வி இவர்களுக்கு எழுந்தது. 1993-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதல் பயிற்சி முகாம் நடந்தது. 1994-ல் நீனா மல்லன் என்ற மாதும் சேர்ந்து ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு நிலையம் ஏற்பட்டது. 1998-ல் அது பெர்க்லி நகருக்கு மாறி டிஜிட்டல் கதை நிலையம் என்ற பெயர் பெற்றது. 2015 முதல் அது ஸ்டோரி சென்டர் என்று வழங்குகிறது.

கடல் கடந்து இம்முறை பிரிட்டனுக்குச் சென்றபோது அதைப் பொதுஜனச் சொத்தாக ஆக்கியவர் டானியல் மெடோஸ். அவர் புகைப்படக் கலைஞர். கார்டிஃப் சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழில் போதித்தவர். பி.பி.ஸி. ஸ்தாபனமும் அந்தச் சர்வகலாசாலையும் சேர்ந்து 2001-ல் தொடங்கிய திட்டத்தின்படி, வேல்ஸ் நாட்டின் ஊர்களில் முகாம்கள் நடத்தப்பட்டன; ஊரார் தம் கதைகளைத் தாமே படமாக்கினர். 2008 வரையில் அது நடந்தது. அது வரையில் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் ஜனங்களைப் பற்றிப் பிறர் பேசி வந்தார்கள். இத்திட்டத்தில் ஜனங்களே பேசினார்கள்.

முகாமின் நடைமுறை மிகவும் எளியது. பத்துப் பேர் அளவில் ஒரு குழு. சாதாரணமாக மூன்று நாள் வேலை. முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தாம் சொல்ல நினைக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்டு, பிறகு கேள்விகள் கேட்பார்கள். அதன் பின்னர் ஒவ்வொருவரும் தனியே போய்க் கதையை எழுதுவர். எழுத்து ஏறக்குறைய இருநூற்றைம்பது வார்த்தைகளுக்குள் அடங்க வேண்டும். பிறகு சொந்தக் குரலில் பதிவு செய்தல், படங்களைத் தேர்ந்து அடுக்குதல், எல்லாரும் கூடிப் பார்த்தல். யேல் சோதனை காட்டிய தனிமையும் கூட்டமும் இங்கே மாறி மாறி வருவதைக் கவனிக்க.

கதைக்கு ஏழு அம்சங்கள் வேண்டுமென்று பெர்க்லி நிலையத்தார் வகுத்தனர்: சொல்பவனின் நோக்கு, கேட்போரைப் பிடித்து நிறுத்தும் ஒரு கேள்வி, உள்ளத்தைத் தொடும் பொருள், சொந்தக் குரல், ஏற்ற சங்கீதம், சிக்கனம், நடை வேகம். இரண்டாவதாகச் சொன்ன கேள்வியே மற்ற ஆறுக்கும் உயிர். கேள்வியில்லாத கதை வெறும் வர்ணனையாய் முடியும்.

ஓர் உதாரணம்

இது எவ்வாறு சிந்தனையைப் பழக்குகிறது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்குவோம். கல்லூரி விடுதி ஒன்றில் வசிக்கும் மாணாக்கன், “எங்கள் விடுதியில் தண்ணீர்ப் பஞ்சம்” என்ற விஷயத்தை எடுத்துக்கொண்டு வட்டத்தில் உட்காருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பரீட்சைக் காகிதமானால் இதைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிடுவான். மழை குறைந்தது, ஜனத்தொகை பெருகியது, சர்க்கார் கவனிக்க வேண்டும் என்று வாசகங்கள் வரிசையாய் வந்து நிற்கும். மார்க்கும் கிடைக்கும்.

வட்டத்தில் இருப்பவர்களோ, “தண்ணீர் இல்லையென்பது உனக்கு எந்த நாளில் உறைத்தது?” என்று கேட்கிறார்கள். பரீட்சை தினத்தன்று காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்தபோது என்கிறான். “அன்றைக்கு மேல் தொட்டியில் தண்ணீர் இருந்ததா?” அவனுக்குத் தெரியாது. “பகலில் வந்ததா?” ஆம், எட்டு மணிக்கு மேல் வந்தது. இப்பொழுது அவன் மனத்தில் ஒரு முள் தைத்துவிட்டது. கதைக்குப் படம் வேண்டும். படம் எடுக்கப் போகிறான். மாடிப்படி ஏறித் தொட்டியைப் பார்த்தால் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. பம்பு அறைக்குச் சென்றால் பூட்டியிருக்கிறது. விசாரித்தால், இரவுக் காவல்காரர் ஐந்து மணிக்குச் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார் என்றும், பகல் காவல்காரரிடம் வேறு சாவி கிடையாது என்றும், ஆபீஸ் திறந்து மற்றொரு சாவி வரும் வரையில் மூன்றாம் மாடிக் குழாயைத் திறந்துவிட ஆள் இல்லை என்றும் தெரிகிறது. தண்ணீர்ப் பஞ்சம் என்று அவன் நினைத்தது, இரண்டு காவல்காரர்களுக்கு ஒரே சாவி என்ற விஷயமாய் முடிகிறது.

எழுத உட்காரும்போது சங்கடம் மறுபடியும் வருகிறது. எண்ணூறு வார்த்தை எழுதிவிட்டான். இருநூற்றைம்பதுக்கு மேல் இடமில்லை. மழையைப் பற்றியதை அடிக்கிறான். சர்க்காரைப் பற்றியதை அடிக்கிறான். தன் கோபத்தைப் பற்றியதில் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்கிறான். ஒவ்வொரு வாக்கியத்தையும் அடிக்கும்போது, இது விஷயத்துக்கு அவசியமா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடைசியில் நிற்பவை தொட்டி, பூட்டு, ஐந்து மணி, எட்டு மணி ஆகியவைதான். இவற்றை வரிசைப்படுத்துவது காரண காரியத்தை வரிசைப்படுத்துவதேயாகும். தர்க்க சாஸ்திரத்தில் ஒரு மாத காலம் படித்தாலும் வராத தெளிவு இதில் வருகிறது.

எல்லாச் சிக்கலும் ஒரு சாவியில் முடியும் என்று நாம் சொல்லவில்லை. தொட்டி மெய்யாகவே வறண்டு கிடந்திருந்தால், அதையும் அவன் கண்ணால் கண்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தடைப்படுகிறது என்று மேலும் போயிருப்பான். படம் வேண்டியிருப்பதால் இடத்துக்குப் போகிறான். இடத்துக்குப் போவதால் தன் முதல் எண்ணம் பொய்யென்றோ மெய்யென்றோ அறிகிறான். இந்தப் பயிற்சியின் ரகசியம் இவ்வளவே.

வட்டத்தின் அரசியல்

தேச சேவையில் ஈடுபட்டவர்கள் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். வட்டமாக உட்கார்ந்து தத்தம் கஷ்டத்தைச் சொல்லி, அதிலிருந்து செய்ய வேண்டிய காரியத்தைக் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டருக்கு வெகு காலம் முந்திய வழக்கம். அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தில் 1932-ல் மைல்ஸ் ஹார்ட்டனும் நண்பரும் ஸ்தாபித்த ஹைலாண்டர் பாடசாலை அதற்குச் சிறந்த சாட்சி. தொழிலாளரும் நீக்ரோ சமூகத்தாரென்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு இன மக்களும் அங்கே வெள்ளையரோடு சமமாக உட்கார்ந்து பேசினார்கள். போதகர்கள் விடை கொடுக்கவில்லை. வந்தவர்களின் அனுபவத்திலிருந்தே விடை எழும்படி செய்தார்கள். ரோஸா பார்க்ஸ் அம்மையார் 1955-ம் வருஷக் கோடையில் அங்கே பயிற்சி பெற்றார். அதே வருஷம் டிஸம்பர் 1-ந் தேதி மாண்ட்கமரி நகரத்து பஸ்ஸில் தம் இடத்தை விட்டு எழுந்திருக்க மறுத்தார். அதிலிருந்து கிளம்பிய பஸ் பகிஷ்காரம் 381 நாள் நடந்து வெற்றி பெற்றது.

1957-ல் தென் கரோலைனாவின் ஜான்ஸ் தீவில் முதியோர்க்கு வகுப்புத் தொடங்கியபோது, முதல் ஆசிரியையாக அமர்ந்த பெர்னிஸ் ராபின்ஸன் தொழில்முறை ஆசிரியை அல்லர். கூந்தல் அலங்காரத் தொழில் செய்தவர். பாடத் திட்டத்தை முன்கூட்டி வகுக்காமல், “உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?” என்று வந்தவர்களையே கேட்டார். கையெழுத்துப் போட வேண்டும், கடிதம் படிக்க வேண்டும், வோட்டர் பட்டியலில் சேரும் பரீட்சைக்குத் தயாராக வேண்டும் என்றார்கள். அவையே பாடங்களாயின. அத்தகைய வகுப்புகள் தென் மாகாணங்களெங்கும் பரவி, ஏராளமான ஜனங்களை வோட்டர்களாக்கின. அதன் பலன் அதிகாரிகளுக்குத் தெரிந்துதான், 1961-ல் டென்னஸி சர்க்கார் அந்தப் பாடசாலையின் அநுமதியை ரத்துச் செய்தது. பாடசாலையோ வேறு பெயரில் பணியைத் தொடர்ந்தது.

பிரேஸில் நாட்டு அறிஞர் பாவ்லோ ஃபிரேயர் இதே உண்மையைச் சாஸ்திரமாக எழுதினார். பாங்கியில் பணம் போடுவதைப் போல் மாணாக்கன் தலையில் விஷயங்களைப் போட்டு வைக்கும் கல்வி ஒன்று. சிக்கலை முன்னிறுத்தி ஆசிரியரும் மாணாக்கரும் சேர்ந்து ஆராயும் கல்வி மற்றொன்று. முதலாவது, உலகம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று பழக்குகிறது. 1964-ல் பிரேஸிலில் ராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவரைச் சிறையிலிட்டார்கள். பிறகு அவர் தேசத்தை விட்டே போக நேர்ந்தது. கேள்வி கேட்கக் கற்பிக்கும் ஆசிரியரைக் கண்டு எதேச்சாதிகாரிகள் அஞ்சுவது உலக இயல்பு.

இரண்டு சர்வகலாசாலைகள்

இப்பொழுது சர்வகலாசாலைகளுக்கு வருவோம். காலிபோர்னியா மாகாணத்தில் மாண்ட்டெரே குடாவின் கரையில் ஃபோர்ட் ஆர்ட் என்ற பெரிய ராணுவ முகாம் இருந்தது. அது மூடப்பட்ட பின்னர், அந்த நிலத்தில் 1995-ல் ஒரு மாகாணச் சர்வகலாசாலை திறக்கப்பட்டது. பக்கத்தில் ஸலீனாஸ் பள்ளத்தாக்கு. காய்கறி விளையும் பூமி. அதில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து வந்த கூலிகளும் அவர்களுடைய சந்ததியாரும். இவர்களுடைய பெண்கள் பலர், தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களாய், அந்தச் சர்வகலாசாலைக்கு வந்தார்கள். பேராசிரியை ரீனா பென்மேயர் இவர்களுக்கு வாழ்க்கைச் சரிதை வகுப்பு நடத்தி, டிஜிட்டல் கதையை அதன் மையமாக வைத்தார்.

அவர் செய்த ஏற்பாட்டில் முக்கியமானது, கதை முடிந்தவுடன் வேலை முடியாதென்பது. மாணவி தன் கதையைத் தானே மறுபடி நோக்கி, இது எனக்கு மட்டும் நேர்ந்ததா, என்னைப் போன்றோர் அனைவர்க்கும் நேர்வதா, இதற்குப் பின்னால் நிற்கும் சமூக ஏற்பாடு யாது என்று ஆராய்ந்து எழுத வேண்டும். ஒருத்தி தன் வெட்கம் என்று எண்ணியிருந்தது, பலருக்கும் பொதுவான நிலைமை என்று வட்டத்தில் கேட்டுத் தெளிகிறாள். சொந்தக் குறை பொதுக் கேள்வியாக மாறும் இந்த நிமிஷமே கல்வியின் பொன்னான நிமிஷம். 2008-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், இலக்கியம், சரித்திரம் முதலிய கலைகளைப் போதிக்க இதுவே சிறப்பு முறையாக விளங்கத் தக்கது என்று வாதித்தார்.

வர்ஜீனியா மாகாணம் ஃபிரெடரிக்ஸ்பர்க் நகரத்தில் மேரி வாஷிங்டன் சர்வகலாசாலை நடத்திய வகுப்பு வேறொரு துணிச்சலைக் காட்டிற்று. கம்ப்யூட்டர் சாஸ்திரப் பாடங்களில் ஒன்றாக இருந்த டிஜிட்டல் கதை வகுப்பை, ஜிம் க்ரூம் என்பவரும் சகாக்களும் 2011-ம் வருஷ ஆரம்பத்தில் இன்டர்நெட் மூலமாக உலகத்தாருக்கெல்லாம் திறந்துவிட்டார்கள். டி.எஸ். 106 என்பது அதன் பெயர். பணம் கட்டிச் சேர்ந்த மாணாக்கரோடு, எந்த ஊரிலிருந்தும் எவரும் சேர்ந்து வேலை செய்யலாம். வகுப்பில் செய்ய வேண்டிய வேலைகளை ஆசிரியர் மட்டும் வகுக்கவில்லை. வேலைகளின் களஞ்சியம் ஒன்றை ஏற்படுத்தி, புதிய வேலையை யோசித்து அதில் சேர்ப்பதையும் மாணாக்கரிடமே விட்டார்கள். ஒருவன் போட்ட கேள்விக்கு மற்றொருவன் விடை செய்தான். அதைக் கண்டு மூன்றாமவன் வேறு கேள்வி போட்டான். பரீட்சைக் கேள்வி தயாரிக்கும் அதிகாரத்தை மாணாக்கனிடம் கொடுத்தால் கல்வி கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக்ஷேபங்கள்

இம்முறைக்கு விரோதமாகச் சொல்லப்படும் ஆக்ஷேபங்கள் அற்பமானவை அல்ல. மினுக்கும் படத்தையும் இனிக்கும் சங்கீதத்தையும் கண்டு ஆசிரியர் மயங்கி, உள்ளீடில்லாத வேலைக்கு உயர்ந்த மார்க்குப் போட்டுவிடலாம் என்பது முதலாவது. இந்த அபாயம் உண்மையே. ஆகையால் முடிந்த படத்தைவிட, அது முடிந்த வழியையே மதிப்பிட வேண்டும். முதலில் எழுதியது என்ன, வட்டத்தில் என்ன கேட்டார்கள், எதை அடித்தாய், எங்கே போய்ப் பார்த்தாய், உன் கேள்வி எப்படி மாறிற்று என்பவற்றைக் குறிப்புப் புஸ்தகத்தில் காட்டச் செய்தால், மினுக்கு ஒருவரையும் ஏமாற்றாது.

ஒருவன் கதை ஊரின் நிலைமைக்கு அத்தாட்சி ஆகுமா என்பது இரண்டாவது. ஆகாது. மேடையில் ஏறி ஓர் ஏழையின் துயரத்தை உருக்கமாகச் சொல்லிவிட்டு, அதையே தேசத்தின் கணக்காகக் கொள்ளும் பிரசங்கிகள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். கதை, கேள்வியைத் திறந்து வைக்கும் கருவி. திறந்த பின்னர் எண்ணிக்கையும் விசாரணையும் அவசியம். இந்த வித்தியாசத்தை உணராதவன் கதை சொல்லக் கற்றதனால் கெடுதலே அதிகம்.

பிறருடைய அந்தரங்கத்தை அம்பலப்படுத்துவது மூன்றாவது. படத்தில் வருகிறவர்களின் சம்மதம் இன்றி ஒன்றும் வெளிவரலாகாது. தன் துயரத்தைச் சொல்ல விரும்பாத மாணாக்கனை மார்க்குக்காகச் சொல்லும்படி வற்புறுத்துவது கொடுமை. விடுதியின் சாவியைப் பற்றிச் சொன்ன உதாரணத்தில்கூட, காவல்காரர் முகத்தைக் காட்டி அவர் ஜீவனத்துக்குப் பங்கம் செய்தால், சிக்கலைத் தீர்த்த புண்ணியம் அந்தப் பாவத்தில் கரைந்துபோகும்.

நான்காவது ஆக்ஷேபம் புதியது. 2022-ம் வருஷக் கடைசி முதல், சொன்ன மாத்திரத்தில் கட்டுரை எழுதும் யந்திரங்கள் ஜனங்கள் கைக்கு வந்துவிட்டன. படம் தீட்டுவனவும் குரல் கொடுப்பனவும் உடன் வந்துள்ளன. மாணாக்கன் ஏன் சிரமப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி அழகான கதையொன்றை யந்திரம் ஒரு நிமிஷத்தில் செய்து கொடுக்கும். ஆனால் அந்த விடுதியில் பம்பு அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எவரும் எழுதக்கூடிய கதையைக் கேட்கும் ஆசிரியருக்கு யந்திரத்தின் கதையே வந்து சேரும். அந்த மாணாக்கன் ஒருவனே சொல்லக்கூடியதைக் கேட்கிறவருக்கு இந்தப் பயமில்லை.

நாம் செய்ய வேண்டுவது

நம் தேசத்தில் உயர்தரக் கல்வி எந்த நோக்கத்தோடு ஆரம்பமாயிற்று என்பதை நினைவூட்டத் தேவையில்லை. 1835-ல் மெக்காலே எழுதிய குறிப்பு, ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் நடுவே நின்று மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரு வகுப்பாரைத் தயாரிக்கவே விரும்பிற்று. மொழிபெயர்ப்பவனுக்குச் சொந்தக் கேள்வி எதற்கு? 1937-ல் வார்தாவில் காந்தியடிகள், கையால் ஒரு தொழிலைச் செய்வதன் மூலமாகவே அறிவை வளர்க்க வேண்டுமென்று ஆதாரக் கல்வியை வற்புறுத்தினார். அந்நிய ஆட்சி 1947-ல் ஒழிந்தது. பரீட்சைக் காகிதத்தின் ஆட்சி ஒழியவில்லை. 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையின் ஏனைய அம்சங்களைப் பற்றி எத்தனை அபிப்பிராய பேதம் இருந்தாலும், மனப்பாடத்தைக் குறைத்துச் சிந்தனையையும் சிருஷ்டி சக்தியையும் வளர்க்க வேண்டுமென்று அது கூறுவதை ஒருவரும் மறுக்க மாட்டார்கள். கூறியதை வகுப்பறையில் நடத்திக் காட்டுவது எப்படி என்பதே கேள்வி.

நம் மாணாக்கருக்கு இது கைவராத வித்தையன்று. 2004-ல் சென்னை அண்ணா சர்வகலாசாலையில் தேசத்தின் முதல் வளாக ரேடியோ நிலையம் தொடங்கியபோது, மாணாக்கரும் சுற்றுப்புறத்துப் பெண்களும் நிகழ்ச்சி தயாரிப்பதில் பங்கெடுத்துத் தங்கள் திறமையைக் காட்டியிருக்கிறார்கள். அக்காலத்தில் அதற்கு ஒரு நிலையமே வேண்டியிருந்தது. இப்பொழுது ஒரு செல்போன் போதும். குரலைப் பதிவு செய்வதும், படம் எடுப்பதும், இரண்டையும் இணைப்பதும் அதிலேயே நடக்கும். ஆகவே பணமில்லை என்ற சாக்குச் செல்லாது.

ஒவ்வொரு கல்லூரியும் ஒரு வகுப்பில், ஒரு பருவத்துக்கு இதைப் பரீட்சித்துப் பார்க்கட்டும். இயற்பியல் மாணாக்கரும் சரித்திர மாணாக்கரும் கலந்து பத்துப் பேர் கொண்ட வட்டங்களாக உட்காரட்டும். ஒவ்வொருவரும் தம் ஊரில், தெருவில், வீட்டில் கண்ட ஒரு கஷ்டத்தைக் கொண்டு வரட்டும். இருநூற்றைம்பது வார்த்தை, இரண்டு நிமிஷம், சொந்தக் குரல், தாய்மொழி. தாய்மொழி என்பதை அழுத்திச் சொல்கிறோம். பாட்டியிடமும் காவல்காரரிடமும் எந்த மொழியில் விசாரித்தானோ அந்த மொழியில் சொல்லும்போதுதான் மாணாக்கனுக்குப் பொய்யான வாசகங்கள் உதவிக்கு வருவதில்லை. கதை முடிந்ததும் அதைக் கல்லூரி விழாவில் காட்டிக் கைதட்டு வாங்குவதோடு நில்லாமல், அந்தக் கஷ்டத்தை அனுபவிக்கும் ஜனங்களிடையே காட்டட்டும். அவர்கள், “நீ சொல்வது சரியன்று, விஷயம் வேறு” என்று சொன்னால், அதுவே அவனுக்குக் கிடைக்கும் அடுத்த பாடம்.

சங்கங்களிலும் சேவா ஸ்தாபனங்களிலும் உழைப்பவர்களுக்கும் இது பொருந்தும். தீர்மானங்களை முன்கூட்டி எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போகும் வழக்கத்தைச் சில நாட்களுக்கு நிறுத்திவிட்டு, வந்தவர்களை வட்டமாக உட்காரவைத்துக் கேட்டுப் பார்க்கட்டும். ஜான்ஸ் தீவில் அந்த அம்மையார் கேட்ட கேள்வியை நம் கிராமங்களிலும் கேட்கலாம்.

பிறர் போட்ட கேள்விகளுக்கு விடை எழுதியே நூற்றாண்டுக்கு மேல் கழித்துவிட்டோம். இனி நம் பிள்ளைகள் தங்கள் கேள்விகளைத் தாங்களே போடக் கற்கட்டும். அதற்கு வேண்டிய இடத்தையும் நேரத்தையும் கொடுப்பது சர்வகலாசாலைகளின் கடமை. அதைக் கொடுக்கும்படி கேட்பது நம் கடமை.